மீசை வைத்த பூச்சி

பொய் சொல்லத் தெரியாத மனுஷனோடு ஒரே கட்டடத்தில் வேலை பார்த்துப் பாருங்கள், அப்புறம் தெரியும். நான் பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பக்கத்து அறை ஆளாயிற்றே என்று அவருக்கும் சேர்த்து டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார்.

"டீ நல்லா இல்லைங்க சிஸ்டர்."

"அப்புறம் ஏன் முழுசாக் குடிச்சீங்க?"

"நீங்க குடுத்தீங்களே."

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே டிரான்ஸ்ஃபர் கேட்டிருப்பேன். கேட்டால் மட்டும் யார் கொடுக்கப் போகிறார்கள்? ஜவ்வாது மலையில், காவலூர் பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் உள்ளே நடந்து போகிற ஊர் அது. எமர்ஜென்சி முடிந்து ஓரிரு வருஷம் இருக்கும். நான் திருப்பத்தூர்க்காரி, சின்னப் பெண், நர்ஸ் வேலை கிடைத்ததே பெரிசு என்று மூட்டை முடிச்சோடு ஏறி வந்துவிட்டேன். ஓடு போட்ட கட்டடத்தில் இரண்டு அறை. ஒன்றில் நான் ஊசி போடுவேன், பிரசவம் பார்ப்பேன். இன்னொன்றில் அவர்.

கொசு பிடிப்பதுதான் அவருடைய உத்தியோகம். சிரிக்காதீர்கள், சர்க்கார் சம்பளம். மலேரியாவைப் பரப்புகிற கொசு எந்தெந்த ஊரில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். விடிந்ததும் வீடு வீடாக நுழைவார். டார்ச் அடித்துச் சுவரில் உட்கார்ந்திருக்கிற கொசுவைத் தேடுவார். கையில் ஒரு கண்ணாடிக் குழாய், அதன் மறுமுனையில் ரப்பர் குழாய். அந்த ரப்பர் முனையை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் கொசு கண்ணாடிக்குள் வந்துவிடும். நடுவில் வலைத்துணி இருப்பதால் வாய்க்குள் போகாது. வேலை இல்லாத நேரத்திலும் அந்தக் குழாய் வாயிலேயே இருக்கும். பேச வேண்டுமென்றால் மட்டும் எடுப்பார். எடுத்தால் யாருக்காவது மனசு நோகப் போகிறது என்று அர்த்தம்.

மெலிந்த ஆள். நாற்பதை நெருங்கியிருப்பார். சட்டையில் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். படவேட்டுப் பக்கம் சொந்த ஊர். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டேன், சொன்னார். பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் பேசி முடித்து வெற்றிலை பாக்கு மாற்றுகிற சமயம், இவர் மாமனாராகப் போகிறவரிடம், "எனக்கு எடது காது சரியாக் கேக்காதுங்க மாமா, அதையும் சொல்லிடறன்" என்றாராம். தாம்பாளம் அப்படியே உள்ளே போய்விட்டது.

"கல்யாணம் முடிஞ்சு சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றேன்.

"கேக்காத காது அன்னிக்கும் கேக்காதுதானேங்க சிஸ்டர்."

இந்த மனுஷனிடம் என்ன பேசுவது?

மலைக்கு வந்த கதையும் அதேதான். கீழே வேலை பார்த்த இடத்தில் ஒரு மேலதிகாரி, யாரோ பெரியவர் பார்வையிட வருகிறார் என்று, இந்த ஊரில் கொசுவே இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். இவர் பெரியவர் முன்னால் போய் நின்று, "இருக்குதுங்க சார், நேத்துகூட புடிச்சேன்" என்று குழாயை எடுத்துக் காட்டியிருக்கிறார். அதற்குப் பரிசு ஜவ்வாது மலை. அதை ஒரு குறையாகவும் சொல்ல மாட்டார், பெருமையாகவும் சொல்ல மாட்டார். "இருந்தா இருக்குன்னுதானே சொல்லணும்" என்று முடித்துவிடுவார்.

ஆனால் மலை ஜனங்களுக்கு அவர் மேல் ஒரு மரியாதை இருந்தது. அது ஒரு மாட்டால் வந்தது. ஒரு முறை யாருடைய மாடோ ராத்திரியில் அவிழ்த்துக்கொண்டு போய் ஏழைக் கிழவர் ஒருவரின் சாமைக் கொல்லையை அழித்துவிட்டது. ஊர் கூடிவிட்டது. யாரும் வாயைத் திறக்கவில்லை. விடியற்காலையில் அந்த வழியாக வந்தவர், ஊரார் கொசுக்காரர் என்று கூப்பிடுகிற இவர் ஒருவர்தான். கேட்டார்கள். குழாயை வாயிலிருந்து எடுத்தார். "கவுண்டர் மாடுங்க, செவலை" என்றார். எதிரே பஞ்சாயத்துக்குத் தலைமையாக உட்கார்ந்திருந்தவரே ஊர்க்கவுண்டர்தான். ஆனால் கவுண்டர் பெரிய மனுஷன். எழுந்து நின்று கிழவருக்கு நஷ்டம் கட்டினார். அதற்கப்புறம் அந்த ஊரில் எந்தச் சண்டை வந்தாலும், "கொசுக்காரரு பாத்தாரா? அவரு சொல்லட்டும்" என்பார்கள்.

மழை நாளில் வேலை குறைவாக இருக்கும்போது எனக்குப் பூதக்கண்ணாடியில் கொசு காட்டுவார்.

"மீசை பூ மாதிரி விரிஞ்சு கீதுங்களா? அது ஆம்பளை. அது கடிக்காது. மீசை ஒல்லியா இருந்தா பொம்பளை. சீக்கு பரப்பறது அதுதாங்க."

"இங்கயும் பழி பொம்பளை மேலதானா?"

"இல்லைங்க சிஸ்டர், கடிக்கறது அதுதான்" என்றார். கேலி என்பது அவருக்குப் பக்கத்தில்கூட வராது.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். வண்டு, தும்பி, வெட்டுக்கிளி என்று பிடித்துக்கொண்டு வந்து, "இது இன்னா பூச்சி கொசுக்காரரே?" என்பார்கள். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெரியாதுங்க. கொசு இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். தெரியாததைத் தெரிந்தமாதிரி காட்டிக்கொண்டதே இல்லை.

பச்சையம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயசுதான் இருக்கும். நல்ல உழைப்பாளி. அவள் புருஷன், ஊர் ஆட்களோடு லாரி ஏறிக் குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கூடப் போனவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருவன், காய்ச்சலோடு பாதி வழியில் தண்ணி குடிக்கிறேன் என்று இறங்கினான் என்றான். இன்னொருவன், இல்லை, வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான் என்றான். கொழுந்தன் இரண்டு தடவை போய்த் தேடிவிட்டு வெறும் கையோடு வந்தான். ஒரு கடுதாசி இல்லை, சேதி இல்லை. இதற்கு நடுவில் மாமியார் வேறு செத்துப்போனாள். வீட்டில் பச்சையம்மாவும் கொழுந்தன் குடும்பமும்தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்குள் பெரிய பூச்சி பறந்து வந்து சுவரில் உட்கார்ந்துவிட்டால் விரட்ட மாட்டார்கள். செத்துப்போனவர் பார்க்க வந்திருக்கிறார் என்பார்கள். அகல் ஏற்றி, ஒரு கை சாமையை முன்னால் வைப்பார்கள். அது என்ன பூச்சி என்று யாரும் கேட்பதில்லை. யார் வந்திருப்பது என்றுதான் கேட்பார்கள். கடைசியாகச் செத்தவர் யாரோ அவர்தான் என்று வீட்டுப் பெண்களே முடிவு செய்துகொள்வார்கள், பெரும்பாலும் அதில் சண்டை வராது.

மழைக்காலத்தில் ஒரு காலை. கொசுக்காரர் அந்தத் தெருவுக்குக் கிளம்பினார். அங்கே ஒரு பச்சைக் குழந்தையைப் பார்க்க நானும் போக வேண்டியிருந்ததால் சேர்ந்தே போனோம். பச்சையம்மா வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே போனோம். தானியம் கொட்டி வைக்கிற குதிருக்கு மேலே, சுவரில் அது உட்கார்ந்திருந்தது.

அந்த மாதிரி ஒன்றை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. என் இரண்டு கையையும் சேர்த்து விரித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பெரிசு. செங்காவி நிறம். ஒவ்வொரு இறக்கையிலும் கண்ணாடி பதித்தாற்போல ஒரு திட்டு. இறக்கை முனை பாம்புத் தலை மாதிரி வளைந்திருந்தது. அசையவே இல்லை. கீழே அகல் எரிந்தது.

கொழுந்தன் சுவரோடு சாய்ந்து, "அண்ணா, வந்துட்டியா" என்று அழுதுகொண்டிருந்தான். நிஜமான அழுகை. பச்சையம்மா அழவில்லை. எதிரே நின்று ஒரே பேச்சாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இது எங்க மாமியா. குதிரு மேல உக்காந்து கீது பாருங்க. உசுரோட இருந்தப்பவும் அந்தக் குதிரத்தான் காத்துகினு கெடந்தாங்க. எங்க வூட்டுக்காரரு இல்ல இது."

விஷயம் இதுதான். வந்தது மாமியார் என்றால் கும்பிட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். வந்தது மகன் என்றால் அவன் செத்துவிட்டான். பூச்சி வெளியேறுவதற்குள் அவனுக்குக் காரியம் தொடங்க வேண்டும், அவள் தாலியை எடுக்க வேண்டும். கிழவிகளே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். பூச்சியை வைத்து ஒருத்தியின் தாலியை முடிவு பண்ணுவார்களா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் கவுண்டர் எங்களைப் பார்த்துவிட்டார்.

"கொசுக்காரரே வந்துட்டாரு. அவரு யாரு பக்கமும் பேச மாட்டாரு. இன்னாங்க, இது ஆம்பளையா பொம்பளையா, அத மட்டும் சொல்லுங்க. மீதிய நாங்க பாத்துக்கறோம்."

"எனக்குக் கொசுதாங்க தெரியும்."

"பூச்சிதானே? பாருங்க."

அவர் தயங்கிக்கொண்டே கிட்டப் போனார். பூதக்கண்ணாடியைத் தூக்கினார். எனக்கு அது தேவைப்படவே இல்லை. பக்கத்தில் நின்ற என் கண்ணுக்கே தெரிந்தது. தலையிலிருந்து இரண்டு பக்கமும் அகலமாக, சீப்புப் பல் மாதிரி மயிர் விரிந்த மீசை. ஆம்பளைக் கொசுவுக்கு இருப்பது மாதிரியே, ஆனால் எத்தனையோ மடங்கு பெரிசாக.

அவர் கண்ணாடியை இறக்கினார். திரும்பினார். பச்சையம்மா பேச்சை நிறுத்தியிருந்தாள். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் முந்தானையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அவர் குழாயை வாயிலிருந்து எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பொம்பளைங்க" என்றார்.

பச்சையம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, "அத்தே" என்று ஓவென்று அழுதாள். கொழுந்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் சொன்னால் முடிந்தது.

திரும்பி வரும்போது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "அண்ணா, உங்க வாழ்க்கையிலயே உருப்படியா ஒரு காரியம் பண்ணீங்க" என்றேன்.

"பொய் சொல்லிட்டேன் சிஸ்டர்."

"மீசைக் கணக்கு கொசுவுக்குத்தானே? அந்தப் பெரிய பூச்சிக்கும் அதேதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா ஆம்பளைன்னுதான் எனக்குத் தோணிச்சு. மாத்திச் சொன்னேன்."

"ஒரு பூச்சியப் பத்தித்தானே அண்ணா."

"அவங்க பூச்சியக் கேக்கலைங்களே" என்றார். அதற்கப்புறம் வழி முழுக்க வாயில் குழாய்தான்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று. மாசாமாசம் அவர் அந்தத் தெருவுக்குப் போகும்போதெல்லாம் பச்சையம்மா அவருக்கு எதையாவது கொடுத்தாள். களி, தேன், வறுத்த மொச்சை. புருஷனின் கம்பளியை வெயிலில் காய வைத்துக்கொண்டே, "நீங்க சொன்னதாலதாங்க நான் நிம்மதியாத் தூங்கறேன்" என்பாள். அவர் வாங்கவும் முடியாமல், மறுக்கவும் முடியாமல் நிற்பார். என் அறைக்கு வந்து அந்தத் தேனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போவார். ஒரு சொட்டு தொட்டதில்லை.

அடுத்த ஊரில் பெண்டாட்டியை இழந்த ஒருவர் பச்சையம்மாவைக் கேட்டு வந்தார். நல்ல மனுஷர், கொஞ்சம் நிலம், புளியமரங்கள். அந்த ஜனங்களிடம் புருஷன் செத்தவள் மறுபடி கட்டிக்கொள்வது தப்பில்லை. கொழுந்தனே சம்மதித்தான். அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "எங்க வூட்டுக்காரரு உசுரோட கீறாரு. கொசுக்காரரு சொல்லிட்டாரு." வந்தவர் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். பச்சையம்மாவுக்குக் கன்னம் ஒட்டிப்போயிற்று. சாப்பாட்டில் பாதியை எடுத்து வைத்துவிடுகிறாளாம், யாராவது வந்தால் வேண்டுமே என்று.

ஒருநாள் சாயங்காலம் கொழுந்தன் எங்கள் கட்டடத்துக்கு வந்தான். கொசுக்காரர் அறையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். சந்தேகப்பட்டு வரவில்லை.

"நீங்க சொன்னா அது சரியாத்தாங்க இருக்கும். ஆனா எங்கண்ணனுக்காக ஒரு நாள் அழுது முடிக்கவும் முடியல, வருவான்னு இருக்கவும் முடியல. அண்ணியப் பாக்கவே பயமா கீது. நீங்களாவது அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான்.

மறுநாள் காலையில் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் டார்ச் இல்லை, குழாயும் இல்லை. வாய் வெறுமையாக இருக்க அவர் முகமே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"கூட வர்றீங்களா சிஸ்டர்? நீங்களும் பாத்தீங்க இல்ல."

பச்சையம்மா வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்தாள். அவர் உட்காரவில்லை.

"அம்மா, அன்னிக்கு நான் சொன்னது பொய். அது ஆம்பளைப் பூச்சி."

அவள் சிரித்தாள். அவர் விளையாட்டுப் பேச்சு பேசி யாரும் கேட்டதில்லை என்பது ஒரு நொடி கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. என்னைப் பார்த்தாள்.

"ஆமா பச்சையம்மா, நானும் பாத்தேன்" என்றேன். மீசை விஷயத்தையும் சொன்னேன்.

அவள் புளிக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நேத்து எங்க கொழுந்தன் உங்க எடத்துக்கு வந்தாரு, இல்ல?"

"வந்தாரு" என்றார். வேறு யாராவது இருந்தால் இல்லை என்றிருப்பார்கள்.

"ரொம்ப நேரம் பேசினாரு."

"பேசினாருங்க."

"என்னாண்ட சொல்லச் சொல்லி."

"ஒரு வார்த்தை சொல்லுங்கன்னாரு. இதச் சொல்லச் சொல்லல. அவருக்கே இது தெரியாது."

அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. சத்தம் போடாமல், நிதானமாகத்தான் பேசினாள்.

"கவுண்டர் மாடுன்னு கவுண்டர் மூஞ்சிக்கு நேரா சொன்னவரு நீங்க. அப்பேர்ப்பட்டவரு எங்க வூட்டுக்குள்ள, வெளக்கு எரியற எடத்துல நின்னு பொய் சொல்வீங்களா? அன்னிக்கு யாரும் உங்களாண்ட வந்து பேசல. இன்னிக்குத்தான் பொய் சொல்றீங்க."

"இல்லம்மா. அன்னிக்கு உங்க மூஞ்சியப் பாத்தேன். சொல்ல முடியல."

"இன்னிக்கும் என் மூஞ்சியப் பாத்துகினுதானே சொல்றீங்க" என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "அடி பைத்தியக்காரி, உனக்காகத்தான் அந்த மனுஷன் அன்னிக்குப் பொய் சொன்னாரு, உனக்காகத்தான் இன்னிக்கு வந்து நிக்கறாரு" என்று கத்தினேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "உங்களையும் சொல்லிக் கூட்டியாந்துட்டாங்களா நர்சம்மா" என்றாள். நான் செத்தேன்.

கொழுந்தனுக்கு விஷயம் தெரிந்ததும், அண்ணனுக்குக் காரியம் செய்யலாம் என்று ஊரில் கேட்டான். கவுண்டர் கூடாது என்று தலையை ஆட்டிவிட்டார். பூச்சி இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும், போன பிறகு எதை நம்புவது என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஊர் கண்டபடி பேசியது. கொசுக்காரரு கை நீட்டிக் காசு வாங்கிட்டாரு என்றார்கள். கொஞ்ச நாளில், அன்றைக்குக் கொல்லையை மேய்ந்தது கவுண்டர் மாடுதானா என்றுகூட ஒருவன் கேட்டான். கவுண்டரே அவனை அதட்டினார். ஆனால் அதற்கப்புறம் எந்தச் சண்டைக்கும் அவரைக் கூப்பிடவில்லை. பிள்ளைகள்கூட வண்டு பிடித்துக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டன.

அவர் என்னிடம் ஒரு நாளும் புலம்பியதில்லை. ஒரே ஒரு தடவை, டீ குடித்து முடித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க சிஸ்டர்" என்றார். அன்றைக்குப் பால் திரிந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த மாசம் அந்தத் தெருவுக்கு நானும் போயிருந்தேன். ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒட்டியிருக்கிற அட்டையில், வந்து போன தேதியும் என்ன கிடைத்தது என்பதும் எழுத வேண்டும், அதையே தன் தாளிலும் எழுதிக்கொள்ள வேண்டும். பச்சையம்மா வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். அவர் டார்ச்சோடு படியில் கால் வைத்ததும் முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். "பொய் சொல்றவங்க எங்க வூட்டுக்குள்ள வர வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அவர் படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, முழங்கால் மேல் வைத்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். பச்சையம்மா வீட்டுக்கு நேரே, 'வீட்டில் ஆள் இல்லை' என்று எழுதியிருந்தார்.

உள்ளே அவள் புளி உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.